மாக்கிலிங் மலையடியில் ஓர் ஊர்

நம் பாடசாலையை விட்டு விவசாயம் படிக்கப் போனவர்களில் சிலர் மேற்படிப்புக்கு பிலிப்பைன்ஸின் லொஸ் பான்யோஸுக்குப் போனோம். என்னை ஆளாக்கியதில் அந்த ஊருக்கும் பங்குண்டு. அதனால் இம்முறை மலரில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

மனிலாவிலிருந்து தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் மாக்கிலிங் மலை, மறுபக்கம் லகுனா ஏரி. வெந்நீர் ஊற்றுகளை நம்பி ஸ்பானியப் பாதிரிமார் இங்கே மருத்துவமனை வைத்தார்கள். 1615இல் தனி ஊரானது. ஆனால் ஊரின் போக்கை மாற்றியது 1909இல் வந்த விவசாயக் கல்லூரிதான். முதல் வகுப்புகள் கூடாரத்துக்குள் நடந்தனவாம்!

1960இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பழைய உயரமான நெல்லுக்கு உரம் போட்டால் கதிர்ப் பாரத்தில் சாய்ந்துவிடும். இந்தோனேசிய நெல்லோடு தாய்வான் குட்டை ரகத்தைக் கலந்து, 1966இல் சாயாத ஐ.ஆர் 8ஐ வெளியிட்டார்கள். எங்கள் அப்பு வயலில் போட்ட அதே ஐ.ஆர் எட்டு! நான் படித்த நாட்களில் நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். எங்களுக்கு அது பெரிய பெருமை.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். 1945 பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். யுத்தகாலத்தில் ஜப்பானியர் கல்லூரி வளாகத்தையே வெளிநாட்டவர் தடுப்பு முகாமாக்கியிருந்தார்கள். பெப்ரவரி 23 காலையில் அமெரிக்கப் பரசூட் படையும் பிலிப்பைன்ஸ் கெரில்லாக்களும் சேர்ந்து 2,100க்கு மேற்பட்டவர்களை மீட்டு, ஏரி வழியாகக் கொண்டுபோனார்கள். இராணுவ வரலாற்றில் இன்றும் மெச்சப்படும் நடவடிக்கை அது. ஆனால் ஊர்ச்சனம் அங்கேயே இருந்தது. அடுத்த நாட்களில் ஜப்பானியப் படை திரும்பி வந்து, குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 1,500 பேரைக் கொன்றது. வீடுகளை எரித்தது. நான் வாடகைக்கு இருந்த வீட்டு லோலா, அதாவது பாட்டி, மலைப்பக்கம் ஓடித் தப்பியவர். மீட்பைப் பற்றி யார் பேசினாலும், "எங்கள் ஆட்களையும் சொல்லுங்கள்" என்பார். அவர் கேட்டது நியாயம். அந்த மீட்பைப் பேசும்போது ஊராரின் சாவையும் சேர்த்தே பேச வேண்டும்.

2000இல் அரசு லொஸ் பான்யோஸை அறிவியல், இயற்கைச் சிறப்பு நகரமாக அறிவித்தது. ஆனால் நிர்வாகத்தில் இன்னும் நகர அந்தஸ்து இல்லாத ஊர்தான். நம் பிள்ளைகள் யாராவது மனிலா போனால் ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள். வழுக்கைத் தேங்காய் அடைத்த 'பூகோ பை' (pie) என்ற பலகாரம் வீதியோரக் கடைகளில் சுடச்சுடக் கிடைக்கும். பெட்டியோடு வாங்கி, ஜீப்னி என்ற உள்ளூர்ச் சிறு பேருந்தில் ஏறி, வளாகத்தில் பேக்கர் மண்டபத்தடியில் இறங்குங்கள். முகாம் இருந்த இடம் அதுதான்.