எந்த நாணயத்தில் கடன்?

வளரும் நாடு ஒன்று நிதி நெருக்கடியில் சிக்கினால், அரசின் ஊதாரித்தனம், ஊழல் என்றே பேச்சு போகும். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1997-இல் தாய்லாந்தில் நடந்ததை ஊன்றிப் படித்த பிறகுதான், எவ்வளவு கடன் என்று கேட்பதற்கு முன்னால் எந்த நாணயத்தில், எத்தனை மாதத் தவணையில் என்று கேட்க வேண்டும் என்பது உறைத்தது.

நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் தாய்லாந்து அரசின் வரவு செலவுக் கணக்கு பெரும்பாலும் உபரியிலேயே இருந்தது. கடனை வாங்கிக் குவித்தவை தனியார் நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும்தாம். பல ஆண்டுகளாக ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 பாட் (தாய்லாந்தின் நாணயம்) என்ற விகிதம் அசையாமல் நின்றதால், உள்ளூர் வட்டியைவிட மலிவாகக் கிடைத்த டாலர் கடனில் ஆபத்து இருப்பதாகப் பலருக்குத் தோன்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். அடுக்குமாடிக் கட்டடம் எழுப்ப ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கடன் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் அது இரண்டரைக் கோடி பாட். வாடகை வருவது பாட் நாணயத்தில், அதுவும் போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். கடனையோ ஓராண்டுக்குள் அடைக்க வேண்டும், இல்லையேல் புதுப்பிக்க வேண்டும். 1997 ஜூலை 2 அன்று மத்திய வங்கி அந்த விகிதத்தைக் கைவிட்டது. 1998 ஜனவரியில் ஒரு டாலரின் விலை 50 பாட்டைத் தாண்டியது. கட்டடத்தில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை, கடன் மட்டும் ஐந்து கோடிக்கு மேல் போய்விட்டது. மத்திய வங்கி வெளியிட்டுவந்த அந்நியச் செலாவணிக் கையிருப்புக் கணக்கு அதுவரை தெம்பாகவே தெரிந்தது. அதில் பெரும்பகுதி, பாட்டைத் தாங்கிப் பிடிப்பதற்காகச் செய்துகொண்ட முன்பேர ஒப்பந்தங்களில் (பின்னொரு நாளில் டாலர் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளும் ஒப்பந்தங்கள்) ஏற்கெனவே முடங்கிப் போயிருந்தது என்பது பின்னர்தான் வெளியே வந்தது.

1982-இல் மெக்சிகோ கடனை அடைக்க முடியாது என்று கைவிரித்ததிலும் இதே முடிச்சுதான். அங்கே கடன் வாங்கியது பெரும்பாலும் அரசும் அரசு நிறுவனங்களும். அந்த டாலர் கடன்களின் வட்டி சந்தையோடு ஏறி இறங்கக்கூடியது. தன் நாட்டு விலைவாசியை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 20 சதவீதத்தை ஒட்டி உயர்த்தியதும், மெக்சிகோவின் வட்டிச் செலவும் கூடவே ஏறியது.

மருந்தும் சில சமயம் நோயைவிடக் கொடியதாகிவிடுகிறது. 1997 நவம்பரில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டப்படி இந்தோனேசியா 16 வங்கிகளை ஒரே நாளில் மூடியது. அடுத்து எந்த வங்கியோ என்ற பீதியில் மக்கள் மற்ற வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். 1998-இல் அந்நாட்டுப் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் வட்டியையும் சம்பளத்தையும் எந்த அரசாலும் எளிதில் குறைக்க முடியாது என்பதால், கத்தரி முதலில் விழுவது பாதி கட்டிய பாலத்தின் மீதும் இன்னும் தொடங்காத மின்திட்டத்தின் மீதும்தான். நாணயம் ஓரிரு ஆண்டுகளில் நிலைபெற்றாலும், அந்தப் பாலம் வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆகலாம்.

சூடுபட்ட ஆசிய நாடுகள் அதன்பின் டாலரைக் குவித்து, குறைந்த வட்டி தரும் அமெரிக்கக் கடன் பத்திரங்களில் போட்டுவைத்தன. ஏழை நாடு பணக்கார நாட்டுக்கு மலிவாகக் கடன் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் படுகிறது. ஆனால் அதோடு அவை நிற்கவில்லை. 2003 முதல் உள்நாட்டு நாணயத்திலேயே நீண்ட காலப் பத்திரங்களை விற்கும் சந்தைகளையும் சேர்ந்து வளர்த்தன. பலன் 2022-இல் தெரிந்தது. அமெரிக்க வட்டி வேகமாக ஏறிய அந்த ஆண்டில், அரசுக் கடனைப் பெரும்பாலும் பாட்டிலேயே வைத்திருந்த தாய்லாந்து தாக்குப்பிடித்தது. வரிக்குறைப்பாலும் சுற்றுலா வருமானம் வற்றியதாலும் ஏற்கெனவே தளர்ந்திருந்த இலங்கையோ, டாலர் பத்திரங்களின் தவணையைக் கட்டக் கையில் டாலர் இல்லாமல், ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.