சூட்டை வைத்து மரம் தேடும் பூச்சி
கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஒகனாகன் பள்ளத்தாக்கில், காட்டை மறுபடி வளர்ப்பதற்கான விதைக்கென்றே லாட்ஜ்போல் பைன் மரங்களை ஒட்டுக்கட்டி, தோப்புபோல வரிசையாக வளர்க்கிறார்கள். அங்கே பெருந்தொல்லையாக இருப்பது இரண்டு சென்டிமீட்டர் நீளமும் இலைபோல் அகன்ற பின்கால்களும் கொண்ட ஒரு நாவாய்ப்பூச்சி. நெல்லில் பால் உறிஞ்சும் நம் கதிர்நாவாய்ப்பூச்சிக்கு இது தூரத்து உறவுதான். ஊசிபோன்ற வாயை, பைன் விதைகள் பொதிந்திருக்கும் கூம்புக்குள் செலுத்தி, உமிழ்நீரால் விதையின் பருப்பைக் கரைத்து உறிஞ்சிவிடும். விதை வெளியே முழுசாகத் தெரியும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே சுருங்கிக் கிடப்பது தெரியவரும்.

ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் தோப்பின் பல மூலைகளில் நின்றாலும், சில தாய்வழிகளை மட்டும் இப்பூச்சி அதிகம் நாடுவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். மரத்தின் மணம் மட்டுமே இதற்குக் காரணமாக இருக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால், வெயிலில் கூம்புகள் ஊசியிலைகளைவிட 15 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறுவதையும், அந்தச் சூட்டால் வெளிப்படும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பூச்சி தன் வயிற்றின் அடிப்புறத்திலுள்ள உணர்விகளால் அறிந்து தேடி வருவதையும் அந்த மாகாணத்து ஆய்வாளர்கள் 2008 வாக்கில் காட்டினார்கள். உணர்விகளை மறைத்துவிட்டபோது பூச்சிகள் அந்தக் கதிரை நாடவில்லை என்ற எளிய சோதனைதான் என்னை மிகவும் வியக்கவைத்தது. அகச்சிவப்புப் படத்தில் காய்த்த மரம் விளக்கேற்றியதுபோல் ஒளிர்கிறது. பூச்சிக்கும் அது அப்படித்தான் புலப்படுகிறதுபோலும்.