படுவான்கரைக்குப் போகும் டீச்சர்கள்

எனக்கு ஊர் திண்டுக்கல். இப்போது இருப்பது இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு வீட்டின் மாடி அறை. சின்னப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி என்று ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வெளிநாட்டில் வேலை என்றதும் ஊரில் துபாயையும் சிங்கப்பூரையும்தான் நினைக்கிறார்கள். இங்கேயோ சந்தையில் பேரம் பேசுவதும் தமிழ், வகுப்பில் பாடம் நடப்பதும் தமிழ். வீட்டுக்கார அம்மா காலையில் பிட்டும் மீன் குழம்பும் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போ மகள்" என்று சொல்லாமல் விடமாட்டார்.

இங்கே ஆசிரியர்களின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் மட்டக்களப்பு வாவியை, அதாவது கடலோர உப்பங்கழியைப் பார்க்க வேண்டும். 50 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அது மாவட்டத்தை இரண்டு கரையாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை. நகரம், பெரிய பாடசாலைகள், கல்முனை வீதி எல்லாம் அங்கேதான். மேற்கே படுவான்கரையில் வயலும் குளமும் மாடும் சிறிய பாடசாலைகளும். படுவான்கரையில் படிப்பிக்கிற பலருக்கு வீடு எழுவான்கரையில். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கிவிடும் என்பதால் விடியும்போதே சேலையும் ஹெல்மெட்டுமாக ஸ்கூட்டியில் கிளம்புகிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது சுலபமாகிவிட்டது. அதற்கு முன் அங்கேயும் படகுதான். தெற்கே குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு நான் 'பாதை' என்று இங்கே சொல்லும் மிதவைப் படகில்தான் போனேன். மோட்டார் சைக்கிள்களோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அது மெதுவாகப் போகும். அதில் நின்றபடியே ஒரு டீச்சர் அன்றைய பாடக்குறிப்பை எழுதி முடித்தார். மாரி மழையில் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். சில ஊர்களுக்கு, வழியில் யானை நிற்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இப்படி வந்து படிப்பிப்பவர்களை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, செயலமர்வு நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அவர்களுடைய வகுப்புக்கே போய், அவர்களுடைய பிள்ளைகளோடு செய்து பார்ப்பதுதான் உதவும்.

போன மாதம் அப்படி ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். தரம் 2, தரம் 3 இரண்டும் ஒரே அறையில். பாடப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகள், அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினால் விழித்தார்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று டீச்சரைக் கேட்கச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த பையன் எழுந்து, "யானை எங்கட வாழையைத் திண்டுட்டு" என்றான். அவன் சொன்னதை அப்படியே வெண்கட்டியால் எழுதினார் டீச்சர். அவனுக்கே சொந்தமான வாக்கியம் என்பதால் விரல் வைத்துத் தடங்கலில்லாமல் வாசித்தான். அப்புறம் சொற்களைத் துண்டு அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டோம். 'யானை' எது, 'வாழை' எது, இரண்டிலும் ஒரே ஒலியில் முடியும் எழுத்துகள் எவை என்று பிள்ளைகள் தேடத் தொடங்கினார்கள். தரம் 3 பிள்ளைகள் அதே வாக்கியத்தைப் புத்தகத் தமிழில் மாற்றி எழுதினார்கள். ஒரே பாடம், இரண்டு வகுப்புக்கும் வேலை. அறையில் அவ்வளவு சத்தம். டீச்சர் அதட்டவே இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

இடைவேளையில் பிளேன் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா தாய் தகப்பன் எல்லாம் புலமைப்பரிசிலைத்தானே கேக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. புலமைப்பரிசில் என்கிற தரம் 5 உதவித்தொகைப் பரீட்சைக்காக இங்கே வீடுகளே தவிக்கின்றன. ஆனால் அந்த வினாத்தாளையும் பிள்ளை தானே வாசித்துத்தான் விடை எழுத வேண்டும். எழுத்துக் கூட்டவே நேரம் போய்விட்டால், தெரிந்த விடைகூட எழுதாமல் கிடக்கும். அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

"சரி, ஒரு தவணை செய்து பாப்பம்" என்றார். தவணை என்றால் இங்கே பள்ளிப் பருவம்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையை ஒட்டித் தவணை தனி என்பதால், காத்தான்குடிக்கான திட்டத்தை வேறு நாட்காட்டியில் போட வேண்டியிருக்கிறது. பிற்பகல்கள் பெரும்பாலும் அதிலேயே போகின்றன. அதற்கிடையில், அந்தப் பாடசாலையின் தரம் 1 டீச்சரும் தன் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார். மழை பிடிப்பதற்குள் போய்வர வேண்டும்.