ஏழு மாதம் பின்னால் விழுந்த கதை

சாதாரண பாலே ஷூவில் குதிகாலைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றுவேன். விரல் நுனியில் நிற்பதற்கான பாயின்ட் ஷூவை மாட்டினால் ஒன்றுகூட முடியாது. முக்கால் சுற்று வந்ததும் உடம்பு பின்னால் சாயும், தொப்பென்று குதிகாலில் இறங்கிவிடுவேன். போன அக்டோபரில் தொடங்கிய இந்தக் கூத்து ஏழு மாதம் ஓடியது.

எட்டு வயதிலிருந்து மயிலாப்பூரில் பரதம் கற்றவள் நான். வேலைக்காக லண்டன் வந்து, 31 வயதில் பெரியவர்களுக்கான பாலே வகுப்பில் சேர்ந்தேன். ஊரில் இருக்கும் என் டீச்சர் திட்டுவாரோ என்று பயந்துகொண்டே போனில் சொன்னபோது, "அத்தையே முதல்ல பாலேதானேடி கத்துண்டா" என்று சிரித்துவிட்டார். அத்தை என்றால் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி. அதோடு அந்தப் பயம் போயிற்று.

நான்கு வருடம் கழித்துத்தான் பாயின்ட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஷூ வாங்க ஃப்ரீட் கடைக்குப் போனேன். முனைக்குள் மரக்கட்டை இருக்கிறது என்று இன்றும் என் அம்மா நம்புகிறார். கட்டையெல்லாம் இல்லை. துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக இறுகவைத்ததுதான் அது. அடியில் செய்தவருடைய முத்திரை இருக்கும். பழகியவர்கள் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் ஷூ கேட்பார்கள். நாம் நிற்க வேண்டிய தட்டையான முனை ஒரு தீப்பெட்டியைவிடச் சிறியது.

விழ ஆரம்பித்ததும், காலில் பலம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். கெண்டைக்கால் கல்லாக இறுகியது, சுற்று வரவில்லை. சரி, வேகம்தான் போதவில்லை என்று தோளை முறுக்கிக் கையை வீசிச் சுற்றிப் பார்த்தேன். இன்னும் சீக்கிரமாக விழுந்தேன். இதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. பாயின்ட்டில் தரையோடு உரசும் இடம் சுருங்கிவிடுவதால் சுழற்சிக்கு எதிர்ப்பும் குறைவு. சாதாரண ஷூவுக்குக் கொடுக்கும் அதே தள்ளு இங்கே அதிகப்படி. நான் அதையும் தாண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தலையும் ஒத்துழைக்கவில்லை. பாலேயில் சுற்றும்போது கண் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். உடம்பு திரும்பிக்கொண்டே இருக்க, தலை கடைசி நிமிடம்வரை தங்கி, பிறகு சட்டென்று முந்திக்கொண்டு அதே புள்ளிக்கு வர வேண்டும். இதை ஸ்பாட்டிங் என்பார்கள். எனக்கோ பத்து வருடம் 'கை போகும் வழியே கண்' என்று பழக்கியிருக்கிறார்கள். கதவுக்கு மேலிருக்கும் பச்சை நிற அவசர வழிப் பலகையைப் பார்க்கச் சொன்னால், கண் விசுவாசமாக வலது கைக்குப் பின்னால் போய்விடும். கூடவே தலையும் சாயும். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு காலும் தரையில் இருக்க, நின்ற இடத்தில் மெல்ல மெல்லத் திரும்பித்தான் இதைச் சரிசெய்தேன். மூன்று வாரம் ஆயிற்று. பெரும்பாலும் சமையலறையில்தான்; அங்கே புள்ளி, பிரிட்ஜ் மேலிருந்த காந்தம்.

அப்படியும் விழுந்தேன்.

ஏப்ரலில் ஒருநாள் எங்கள் மிஸ், போனை என் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் நிறுத்திப் படம் எடுத்தார். முனையில் ஏறும் அந்தக் கணத்தில் நிறுத்தி, திரையில் விரலால் இடுப்பிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். கோடு ஷூ முனைக்குப் பின்னால், வெறும் தரையில் போய் முடிந்தது.

விஷயம் இதுதான். சாதாரண ஷூவில் நாம் நிற்பது விரல்களின் அடிமேட்டில். பாயின்ட்டில் நிற்பது விரல் நுனியில். நுனி சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. நான் காலை முன்னால் உருட்டி நுனிக்கு ஏறிவிட்டு, உடம்பைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்திருந்தேன். அப்புறம் விழாமல் என்ன செய்யும்? சின்ன வயதில் அண்ணனின் பம்பரத்தில் ஆணி கோணலாக இறங்கியிருந்தால் அது குதித்துக் குதித்து ஓடிப்போய் விழும். எவ்வளவு இழுத்து விட்டாலும் அப்படித்தான். நானும் ஏழு மாதமாகக் கயிற்றைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, உருண்டு ஏறும்போது உடம்பையும் நுனிக்கு மேல் கொண்டுபோவது. இன்னொன்று, முழங்கால் மடக்கிலிருந்து சின்னதாகத் துள்ளி, நுனியை உடம்புக்கு அடியில் இழுத்துக்கொள்வது. எங்கள் வகுப்பில் சுற்றுக்கு இரண்டாவதுதான். மிஸ் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டினார். அடிமேடு டேப் மேல்; துள்ளி ஏறும்போது நுனி டேப் மேல் வர வேண்டும். சுற்றவே கூடாது. நாலாம் நிலையில் (ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்) மடங்கு, ஏறு, வலது காலை முழங்காலுக்குக் கொண்டுவா, மூன்று எண்ணு, இறங்கு. முதல் வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் விட்டுவிட்டு. பிறகு கால் சுற்று, அரைச் சுற்று. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கணம் நின்று காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் நகங்கள் கறுத்ததைத் தவிர வேறு பலன் தராத அந்த ஏழு மாதத்தைவிட இந்த நான்கு வாரம் எவ்வளவோ தேவலை.

1895-இல் 'ஸ்வான் லேக்' பாலேயில் இத்தாலிய நடனக் கலைஞர் பியரினா லெஞானி ஆடிய 32 ஃபுவெத்தேக்களைப் பற்றி, அதாவது ஒரே காலில் தொடர்ந்து சுற்றிய சுற்றுகளைப் பற்றி, எல்லாரும் சுற்றின் எண்ணிக்கையைச் சொல்லி வியப்பார்கள். டேப்போடு மல்லாடிய எனக்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் முழுப் பாதத்துக்கு இறங்கி, 32 முறையும் மறுபடி நுனிக்கு ஏறினாரே என்பதுதான் வியப்பு.

மே மாத இறுதியில், ஒரு வியாழக்கிழமை வகுப்பில், வழக்கத்தில் பாதி வேகம்தான் கொடுத்தேன். பச்சைப் பலகை போயிற்று, வந்தது. நான் இன்னும் மேலேயே இருந்தேன். இறங்க அவசரமே இல்லாதது போல, மேலே கொஞ்சம் நேரம்கூட மிச்சமிருந்தது. யாராவது கைதட்டுவார்கள் என்று மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் பியானோ பக்கம் தலையசைத்தபடி, "நல்லது, இப்போது இடது பக்கம்" என்றார்.

இடது பக்கம் பின்னால் விழுந்தேன்.