‘யார் சொல்லித் தெரிந்தது?’: விக்ஸ்பர்க் பாடத்தை நான் படித்த விதம்

முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாளை முதல்முறை எழுதியபோது உள்நாட்டுப் போர்க் கேள்விக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். 1863 ஏப்ரல் 30 முதல் ஜூலை 4 வரை ஒரு தேதியையும் விடவில்லை. பாதி மதிப்பெண்கூட வரவில்லை. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தெற்கு மாநிலங்களின் வசமிருந்த விக்ஸ்பர்க் நகரத்தைப் பிடிக்க வடக்கு நடத்திய படையெடுப்பில் இரு தரப்புத் தளபதிகளின் முடிவுகளை மதிப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான் நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லியிருந்தேன். இந்தத் தாளை எழுதப்போகும் யாரும் அதே இடத்தில் மதிப்பெண்ணை இழக்கக் கூடாது.

இரண்டாம் முறை, முதலில் வரைபடத்தைக் கையால் வரைந்து பழகினேன். மிசிசிப்பி ஆறு, அதன் கிழக்குக் கரை மேட்டில் பீரங்கிகளோடு விக்ஸ்பர்க், அங்கிருந்து கிழக்கே ரயில் பாதையில் ஜாக்சன், தெற்கே கிராண்ட் கல்ஃப், அதற்கும் கீழே புருயின்ஸ்பர்க். இவ்வளவு போதும். பிறகு ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டேன்: தேதி, அன்று காலை அந்தத் தளபதிக்குத் தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது, எடுத்த முடிவு. ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் சரணடையும் என்பதை மறந்துவிட்டு நிரப்ப வேண்டும். அதுதான் கடினம்.

மூன்றாவது கட்டம் எனக்குப் போரையே வேறு மாதிரி காட்டியது. ஏப்ரல் 16 இரவு வடக்கின் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் விக்ஸ்பர்க் பீரங்கிகளைத் தாண்டித் தெற்கே வந்துவிட்டன. வடக்கின் தளபதி கிராண்டின் படை மேற்குக் கரை வழியாக நடந்து வந்து காத்திருந்தது. 29ஆம் தேதி கிராண்ட் கல்ஃப் பீரங்கிகளை அடக்க முடியவில்லை. அப்போது புருயின்ஸ்பர்க்கில் இறங்கலாம், அங்கிருந்து நல்ல சாலை உண்டு என்று கிராண்டுக்குச் சொன்னவர் அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு கறுப்பின மனிதர். மறுநாள் படை அங்கேதான் ஆற்றைக் கடந்தது. கிராண்டின் துணிச்சலைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த மனிதரை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

அதே நாட்களில், விக்ஸ்பர்க்கைக் காத்த தெற்கின் தளபதி பெம்பர்டனின் கட்டம் ஏறக்குறைய காலியாக இருந்தது. அவருடைய குதிரைப்படையின் பெரும்பகுதியை அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அவருக்கு மேலதிகாரியான ஜான்ஸ்டன் டென்னசி மாநிலத்துக்கு மாற்றியிருந்தார். வேவு பார்க்க ஆளில்லை. மிஞ்சியிருந்தவர்கள், மிசிசிப்பி மாநிலத்தை வடக்கிலிருந்து தெற்காக ஊடுருவிய, வடக்கைச் சேர்ந்த கிரியர்சனின் குதிரைப்படையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

மே 13, 14 தேதிகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஜாக்சன் வந்து சேர்ந்த ஜான்ஸ்டன், கிழக்கே வந்து கிராண்டின் படையைத் தாக்கும்படி பெம்பர்டனுக்கு ஆணை அனுப்பினார். ஒரே கடிதத்தை மூன்று பேரிடம் கொடுத்தனுப்பியதில் ஒருவர் வடக்கின் ஒற்றர். கடிதம் கிராண்டின் கைக்கும் போனது! 14ஆம் தேதி ஜாக்சனைப் பிடித்த கிராண்ட் உடனே மேற்கே திரும்பியதற்கு இதுவே காரணம். பெம்பர்டனோ இருதலைக்கொள்ளி எறும்பாக நின்றார். நகரத்தை விடாதே என்பது தெற்கின் குடியரசுத் தலைவர் டேவிஸின் கட்டளை. நகரம் போனாலும் படையைக் காப்பாற்று என்பது ஜான்ஸ்டனின் போக்கு. போர் ஆலோசனை கூட்டிய பெம்பர்டன் இரண்டையும் விட்டு, தெற்கே போய் கிராண்டின் வழங்கல் பாதையை அறுக்கக் கிளம்பினார். 16ஆம் தேதி காலை ஜான்ஸ்டனின் அடுத்த ஆணை வந்ததும் படையைத் திருப்பினார். திரும்பும் வேளையில் சாம்பியன் ஹில்லில் சிக்கினார்.

கிராண்ட் வழங்கல் பாதையே இல்லாமல் போரிட்டார் என்று சில கைடுகளில் இருக்கும். அப்படி எழுதாதீர்கள். உணவில் பெரும்பகுதியை வழியில் எடுத்துக்கொண்டார்கள் என்றாலும் கிராண்ட் கல்ஃபிலிருந்து வண்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

பெம்பர்டன் திறமையற்றவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் தவறு. என் கணிப்பில் பெரிய பிழை தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் நடந்தது: ஒரே படைக்கு இரண்டு எதிர்க்கட்டளைகள் போவதை டேவிஸ் அனுமதித்தார். உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம். தீர்ப்பு என்று ஒன்று விடையில் இருந்தாக வேண்டும். வென்றவரின் தவறையும் எழுதுங்கள். மே 22 அன்று கிராண்ட் நடத்திய நேரடித் தாக்குதலில் அவர் தரப்பில் 3,000 பேருக்கு மேல் இறந்தும் காயமடைந்தும் காணாமலும் போனார்கள். அதன் பிறகே அவர் முற்றுகையில் இறங்கினார். ஜூலை 4 அன்று ஏறத்தாழ 29,000 பேர் சரணடைந்தார்கள்.

இரண்டாம் முறை தேர்வில் விக்ஸ்பர்க் கேட்கப்படவில்லை. 1864 அட்லாண்டா படையெடுப்பு வந்தது. ஒரு நிமிடம் கை ஓடவில்லை. பிறகு கடைசிப் பக்கத்தில் அதே நான்கு கட்டங்களைப் போட்டேன். அங்கேயும் ஜான்ஸ்டன் இருந்தார். வடக்கின் தளபதி ஷெர்மனுக்கு எதிரே நிலத்தை விட்டுக்கொடுத்துப் படையைக் காத்துக்கொண்டே பின்வாங்கினார். அங்கேயும் டேவிஸ் பொறுமையிழந்து, ஜூலை 17 அன்று அவரை நீக்கி ஹூட் என்ற தளபதியை நியமித்தார். மிசிசிப்பியில் ஏற்கெனவே பார்த்த இரண்டு மனிதர்கள் என்பதால், முதல் வரியை ஜான்ஸ்டனிடமிருந்து தொடங்கினேன்.