கறுப்புப் பியர்: தலவாக்கலை நாட்குறிப்பு

2018 ஜூலை 22, ஞாயிறு

தம்பி ஹட்டனிலிருந்து லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் டின்கள் இரண்டு வாங்கி வந்தான். காசு என்னுடையது, கால் அவனுடையது. இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை இந்த ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீண்டும் கொண்டுவரச் செய்தார். குடிக்கத் தடையில்லை, வாங்கத்தான் தடை. பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி புகட்டிய அப்பாயி இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

கல்யாண வீடுகளில் லாகர் என்ற பொன்னிறப் பியர் குடித்திருக்கிறேன், ஸ்டவுட் இதுதான் முதல் தடவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினேன். கரிய நிறம், மேலே பழுப்பு நுரை. தொழிற்சாலையில் தேநீரைச் சுவைப்பதுபோலச் சத்தமாக உறிஞ்சி நாக்கு முழுவதும் பரப்பினேன். தீய்ந்த வாசம். தேயிலையில் இந்த வாசம் வந்தால் அந்தத் தூளை ஒதுக்கிவிடுவோம். பாதிக் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து அதே கோப்பையில் வேறு பானம் இருந்தது. சொக்லேட், கோப்பி, கருகிய சீனி, பின்னால் உலர்ந்த முந்திரிகைப்பழம் (திராட்சை). கடும் குளிர் இதையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறது. லாகருக்குத்தான் அந்தக் குளிர் பொருந்தும்.

ஜூலை 25, புதன்

மழை, கொழுந்து வரத்துக் குறைவு, கொஞ்சம் படித்தேன். பார்லியை முளைக்கவிட்டு, சூட்டால் முளைப்பை நிறுத்தி, அதில் ஒரு பங்கைக் கறுக்க வறுக்கிறார்கள். நிறமும் தீய்ந்த கசப்பும் அங்கிருந்து வருகின்றன. சரியான நேரத்தில் சூடு காட்டி நிறுத்துவதுதான் தேயிலைத் தொழிற்சாலையில் எங்கள் வேலையும்.

இந்தப் பியரின் ஊர் நுவரெலியா. ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் அங்கே குடியேறிப் பண்ணையோடு மதுவடிசாலையும் தொடங்கினார் என்பார்கள். வெள்ளைக்காரத் துரைமாருக்கு அது. லயத்துக்காரரான தோட்டத் தொழிலாளருக்குத் தவறணை என்ற மதுக்கடையின் சாராயமும் கித்துள் பனைக் கள்ளும். இன்று லயன் மலையில் வடிக்கப்படுவதில்லை, கொழும்புக்கு அருகே பியகமவில் வடிக்கப்படுகிறது. மலைப் பியர் என்று இன்னும் மார்தட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. மைக்கல் ஜாக்சன் என்ற பியர் விமர்சகர் (பாடகர் அல்லர், ஆங்கிலேயர், 2007இல் காலமானார்) இந்த ஸ்டவுட்டை உலகெங்கும் புகழ்ந்தார்.

ஜூலை 27, வெள்ளி

எசல போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். மதுக்கடைகள் மூடியிருக்கின்றன. இரவில் முழுச் சந்திர கிரகணம் வேறு. அம்மா சோற்றுப்பானையிலும் தண்ணீர்க்குடத்திலும் தர்ப்பை போட்டார். தம்பி ஒரு புல்லை எடுத்து மிச்சமிருந்த டின்னின் மேல் வைத்தான். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். கிரகணம் முகிலுக்குள்ளேயே நடந்து முடிந்தது.

ஜூலை 29, ஞாயிறு

இரண்டாவது டின். முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தேன். நெத்தலிக் கருவாட்டைக் கொச்சிக்காயோடு வறுத்தேன். உப்பும் உறைப்பும் சேர்ந்ததும் இனிப்பு அடங்கிக் கசப்பு மேலே வந்தது. தனியே குடித்தால் கடைசி மிடறுகள் பாகாகத் திகட்டுகின்றன, அது என் பெரிய குறை. இன்னும் கொஞ்சம் கசப்பு வைத்திருக்கலாம்.

லாகரில் மதுசாரம் 4.8 சதவீதம், இதில் 8.8. இனிப்பு அந்த வீரியத்தை மறைத்துவிடுகிறது. தாகத்துக்குக் குடிப்பவன் எழும்போதுதான் உணர்வான். ஒரு டின்னை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதே அளவு. தம்பிக்கு லாகரே போதுமாம். இனி அம்மாவிடம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்று அந்தக் கோப்பையை இரண்டு தடவை முகர்ந்தார்.