கோக்கர்ல இருந்து தைவான் வரைக்கும்

உலக சினிமா பாக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேரு முதல்ல தேடுறது "கட்டாயம் பார்க்க வேண்டிய 100 படங்கள்"னு ஒரு லிஸ்ட்டத்தான், அதுல நாலஞ்சு படம் பாக்குறதுக்குள்ள சலிச்சுப் போயிடுது, ஏன்னா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. நான் சொல்றது ஒண்ணுதான், ஒரு டைரக்டரப் புடிங்க, அவரு கைகாட்டுற பக்கமெல்லாம் போங்க.

எனக்கு அது ஈரானோட அப்பாஸ் கியாரோஸ்தமி. 1987ல வந்த 'வேர் இஸ் தி பிரண்ட்ஸ் ஹவுஸ்?' படத்துல கதைன்னு பாத்தா, கோக்கர்ங்கிற ஈரான் கிராமத்துல ஒரு பையன் கூடப் படிக்கிறவனோட நோட்ட தெரியாம வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுறான், அதக் கொடுக்க பக்கத்து ஊருக்கு ஓடுறான், அவ்ளோதான். ஆனா நோட்டுல வீட்டுப்பாடம் எழுதலன்னா நண்பன ஸ்கூல விட்டே அனுப்பிடுவாங்கன்னு நமக்கும் தெரியும், அதனால அந்தப் பையன் மலைப்பாதையில ஓட ஓட நமக்கு நெஞ்சு பதறும். எந்தப் பெரியவரும் அவன் சொல்றத காது கொடுத்துக் கேக்க மாட்டாங்க பாருங்க, அங்கதான் மனசு கெடந்து தவிக்கும்.

1990ல அந்தப் பகுதியில பெரிய நிலநடுக்கம் வந்து பல்லாயிரம் பேரு செத்துட்டாங்க. படத்துல நடிச்ச பசங்க உயிரோட இருக்காங்களான்னு கியாரோஸ்தமி தேடிப் போனாரு, அந்தத் தேடல வச்சே 1992ல 'அண்ட் லைஃப் கோஸ் ஆன்'ங்கிற அடுத்த படம் எடுத்தாரு. அந்த ரெண்டாவது படத்துல ஒரு சின்ன சீன்ல வர்ற புதுசா கல்யாணம் ஆன ஜோடி இருக்கே, அத எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுங்கிற கற்பனைதான் 1994ல வந்த 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்'. மூணையும் வரிசையா பாருங்க, தனித்தனியா பாத்தா பாதிதான் கிடைக்கும்.

அந்த மூணாவது படத்துல அசிஸ்டென்ட்டா இருந்தவரு ஜாஃபர் பனாஹி. அவரோட முதல் படமான 'தி வைட் பலூன்'க்கு (1995) திரைக்கதை கியாரோஸ்தமியோடது. 2010ல பனாஹி 20 வருஷம் படமே எடுக்கக்கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு, அவரு 2011லயே தன் வீட்டுக்குள்ளயே 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்'னு ஒண்ண முடிச்சுட்டாரு. பட்ஜெட் இல்ல, செட் இல்லன்னு தயங்குற யாரும் இதப் பாத்தே ஆகணும்.

அப்புறம் கியாரோஸ்தமி 2003ல எடுத்த 'ஃபைவ்' படத்த ஜப்பானோட யாசுஜிரோ ஓசுவுக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காரு, அப்படித்தான் 'டோக்கியோ ஸ்டோரி'க்கு (1953) போனேன். பிள்ளைங்களப் பாக்க டோக்கியோவுக்கு வர்ற வயசான அப்பா அம்மா, அவங்களுக்கு ஒதுக்க யார்கிட்டயும் நேரமில்ல. கேமரா தரையில உக்காந்திருக்கிற மாதிரி தாழ்வா, அசையாம நிக்கும், முதல் அரைமணி நேரம் பொறுத்துக்கோங்க, அதுக்கப்புறம் அந்த வீட்டுல நீங்களும் ஒரு ஆளா உக்காந்திருப்பீங்க. ஸ்லோன்னு சொல்லி பாதியில நிறுத்துறவங்க இழக்குறது ரொம்பப் பெருசு.

ஓசுவோட நூற்றாண்டுக்காக தைவானோட ஹோ ஷியாவ் ஷியென் 'கஃபே லூமியேர்' எடுத்தாரு. இப்ப அவரோட படங்களத்தான் ஒவ்வொண்ணா பாத்துட்டிருக்கேன், அடுத்து 1989ல வெனிஸ் திரைப்பட விழாவுல தங்க சிங்கம் விருது வாங்குன 'எ சிட்டி ஆஃப் சாட்னெஸ்'. யாராச்சும் பாத்திருந்தா சொல்லுங்க, கதைய மட்டும் சொல்லிடாதீங்க.